வயதானால் மனம் இறுகிவிடுமா?

"வயது ஏறுவதால் மனம் இறுகுகிறதா, அல்லது தலைமுறையே வேறா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். ஆனால் ஆய்வாளர்களுக்கே இவற்றைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு: வயது, பிறந்த ஆண்டு, நடப்பு ஆண்டு ஆகியவற்றில் இரண்டைச் சொன்னால் மூன்றாவது தானே வந்துவிடும்; ஒன்றை மட்டும் தனியே மாற்றிப் பார்க்க வழியில்லை.

இளமையில் பட்டறிந்தவையே பிற்காலப் பார்வைக்கு அடித்தளம் என்று சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் 1928இல் எழுதினார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சிறுவயதில் தட்டுப்பாட்டைக் கண்ட தாத்தா, பரிசுப் பொட்டலத்தின் தாளைக் கிழிக்காமல் பிரித்து, உள்ளங்கையால் நீவி, மடித்து வைக்கிறார். பேரனுக்கு அது குப்பை. எண்பதில் வந்த கஞ்சத்தனமன்று அது. இருபதிலும் அவர் அப்படித்தான் மடித்திருப்பார்.

கைப்பேசியின் பொடி எழுத்தைக் கண்டு வரும் எரிச்சல் மட்டும் வயதின் கணக்கு. நாற்பதைத் தாண்டினால் கண்வில்லை விறைக்கத் தொடங்கியது தெரியவரும் (எனக்கும் ஆரம்பித்துவிட்டது).