மாத்திரையை நிறுத்திவிடாதே, மகள்

கேள்வி: அம்மா, எனக்கு இரண்டு மாதம். கிளினிக்கில் தந்த போலிக் அமில மாத்திரையைப் போட்டாலே குமட்டுகிறது. கீரை தின்றால் போதும் என்கிறார் மாமியார். விடிந்ததும் கொழுந்து எடுக்கப் போக வேண்டும். என்ன செய்ய?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே, மகள். வெறும் வயிற்றில் வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. குமட்டல் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் மருத்துவமாதுவிடம் சொல்.

கரு தரித்து ஏறக்குறைய 28 நாளில் பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய் மூடிவிடும். அது சரியாக மூடத்தான் போலிக் அமிலம் உதவுகிறது. பல பெண்களுக்கு அதற்குள் கர்ப்பமே தெரியாது. அதனால்தான் பிள்ளைக்கு யோசிக்கும்போதே தொடங்கி, குறைந்தது 12 வாரம் வரை தினம் 400 மைக்ரோகிராம் போடச் சொல்கிறார்கள். பிறகும் உன் இரத்தத்துக்கு அது தேவை.

மாமியார் சொல்லும் கீரையும் நல்லதுதான். ஆனால் நம் லயத்து வீடுகளில் கீரையை வேகவைத்துப் பிழிந்து தண்ணியைக் கொட்டுகிறோமே, கீரையில் உள்ள போலிக் சத்தில் பாதி அதோடு போய்விடும். கழுவி, பொடியாக நறுக்கி, தேங்காய்ப்பூ போட்டு இரண்டு பிரட்டு பிரட்டி இறக்கு. அவித்த கௌபி (தட்டைப்பயறு) ஒரு கோப்பையில் அந்தச் சத்து சுமார் 350 மைக்ரோகிராம் உண்டு. மலைக்கு ரொட்டியோடு கட்டிக்கொண்டு போகலாம். என்றாலும் உணவில் உள்ளதைவிட மாத்திரையில் உள்ளது உடம்பில் நன்றாகச் சேரும்.

அப்புறம், இரும்புச்சத்து மாத்திரை தந்தால் அதைத் தேத்தண்ணியோடு விழுங்காதே, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. வலிப்புக்கு மருந்து எடுக்கிறாய் என்றாலோ, முந்திய பிள்ளைக்கு முதுகுத்தண்டில் குறை இருந்தது என்றாலோ டாக்டரிடம் உடனே சொல். அப்படிப்பட்ட தாய்மாருக்குப் போலிக் அமிலத்தின் அளவு கூட வேண்டும்.