வாசகர் கேள்வி–பதில்: மனிதர்களைப் படமெடுக்க முதல் கேமரா

கேள்வி: பரிசம், பிறந்தநாள், தோட்டத்துக் கோயில் திருவிழா ஆகியவற்றில் உறவினர்களைப் படமெடுக்க ஆசைப்படுகிறேன். 2,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய எஸ்.எல்.ஆர். கேமராவுடன் இரண்டு ஜூம் லென்ஸ், முக்காலி, பை எல்லாம் சேர்ந்த தொகுப்பை வாங்கும்படி ஈப்போவில் ஒரு கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அந்தத் தொகுப்பு வேண்டாம், சகோதரி. மனிதர்களைப் படமெடுக்க விரும்புகிறவர் லென்ஸுக்கும் ஒளிக்கும்தான் முதலில் செலவழிக்க வேண்டும். கெனான், நிக்கோன் ஆகிய இரு நிறுவனங்களும், எஸ்.எல்.ஆரில் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் பக்கம் திரும்பிவிட்டதால், பலர் தங்கள் எஸ்.எல்.ஆர். கேமராக்களை விற்கிறார்கள், நல்ல நிலையில் உள்ள பழைய கேமரா ஒன்றே உங்களுக்குப் போதும்.

அதனுடன் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். மி.மீ. என்பது லென்ஸின் குவியத் தூரம், எண் கூடக் கூடக் காட்சி நெருங்கித் தெரியும்; எஃப் என்பது ஒளி புகும் துளையின் அளவு, எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். தொகுப்பில் வழக்கமாக வரும் 18–55 மி.மீ. லென்ஸ், 55 மி.மீட்டரில் எஃப் 5.6 வரை மட்டுமே திறக்கும், எஃப் 1.8 அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், மாலைப் பூசையில் 1/15 நொடியில் கலங்கிப்போகும் முகத்தை 1/125 நொடியில் தெளிவாகப் பிடித்துவிடலாம். தொடக்கநிலை கேமராக்களில் படத்தைப் பதியும் சென்சார் சிறியது, அதனால் காட்சி இன்னும் நெருங்கித் தெரியும்; எனவே தலையும் தோளும் படத்தை நிரப்ப ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருக்கும், அந்தத் தூரத்தில் மூக்கு பெருத்துத் தெரியாது. ஆனால் எஃப் 1.8-இல் முன்பின் தூரத்தில் சிறிதளவே தெளிவாக விழும் என்பதால், அது ஒருவரை எடுக்க மட்டுமே. இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பத்தை எஃப் 5.6 அல்லது 8-இல் எடுத்தால்தான் பின்வரிசைப் பாட்டியின் முகமும் தெளிவாக விழும். நிக்கோன் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள், லென்ஸைத் தானாகக் குவியவைக்கும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே மோட்டார் உள்ளேயே அமைந்த, ஏஎஃப்-எஸ் என்று குறிக்கப்பட்ட லென்ஸையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, தலைப்பகுதி மேலும் பக்கவாட்டிலும் திரும்பும் தனி பிளாஷ். முகத்துக்கு நேரே அடித்தால் நெற்றியும் கன்னமும் எண்ணெய் வழிவதுபோல் மின்னும். கூரை தாழ்வாகவும் வெள்ளையாகவும் இருந்தால் மேலே திருப்புங்கள்; தோட்டத்து மண்டபத்தின் உயர்ந்த தகரக் கூரையிலிருந்து போதிய ஒளி திரும்பாது, அங்கே பக்கத்து வெள்ளைச் சுவரையோ பந்தல் துணியையோ நாடுங்கள். பச்சை, நீலச் சுவர்கள் தம் நிறத்தை முகத்தில் பூசிவிடும்.

வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டிக்கு நடுவே நம்மவரின் மாநிற முகத்தை எடுக்கும்போது, கேமரா அந்த வெண்மையைக் கணக்கிட்டுப் படத்தை இருட்டாக்கிவிடும். படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி வையுங்கள். மற்றபடி ஒரு கூடுதல் பேட்டரி, இரண்டு மெமரி கார்டு போதும். முக்காலி பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆடி ஓடும் பிள்ளைகளை அது நிறுத்தி வைக்காது.

பழைய லென்ஸ் வாங்கும்போது அதன் ஊடே டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல்போல் கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். நமது நாட்டின் ஈரக்காற்றில் நல்ல லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கும் என்பதால், துணிப் பையில் மூடி வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.