தாமிரம் தெளித்தும் எலுமிச்சையில் சொறி நோய் அடங்கவில்லையே, ஏன்?

கேள்வி: எலுமிச்சைச் சொறி நோய்க்கு நான்கு ஆண்டுகளாகக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிர மருந்தைத் தெளிக்கிறேன். முதலில் நன்றாகக் கேட்டது. இப்போது இலையிலும் காயிலும் சொறி அப்படியே இருக்கிறது. பாக்டீரியாவுக்கு மருந்து பழகிவிட்டதா? அளவைக் கூட்டலாமா?

பதில்: தயவுசெய்து அளவைக் கூட்டாதீர்கள் ஐயா. இந்த நோயைத் தரும் சாந்தோமோனாஸ் சிட்ரி என்ற பாக்டீரியா, நாளடைவில் மருந்துக்குப் பழகி வலுவடைவதில்லை. அதனிடம் தாமிரத்தை எதிர்க்கும் மரபணு இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி.

தாமிரம் சிறிதளவு எல்லா உயிர்களுக்கும் தேவை, மிஞ்சினால் நஞ்சு. ஆகவே மிஞ்சியதைச் சமாளிக்கும் மரபணுக்கள் சாதாரணச் சொறி பாக்டீரியாவின் குரோமோசோமிலேயே, அதாவது அதன் முதன்மை டிஎன்ஏவிலேயே உண்டு. இது வெறும் தாங்குதிறன். சரியாகத் தெளித்த மருந்துக்கு முன் நிற்காது.

உண்மையான எதிர்ப்பு வேறு. காப்-எல், காப்-ஏ, காப்-பி என்ற மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்து, பிளாஸ்மிட் என்னும் தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன. காப்-எல் பழுதானால் எதிர்ப்பே விழுந்துவிடுகிறது. கவலை தருவது அந்த வளையத்தின் இயல்பு: ஒரு பாக்டீரியா தன்னை ஒட்டி நிற்கும் இன்னொன்றுக்கு அதன் நகலைக் கொடுத்துவிடும். இனம் வேறாக இருந்தாலும் இது நடக்கும். அர்ஜென்டினாவில் தாமிரம் விடாமல் தெளிக்கப்பட்ட தோட்டங்களில் 1994-ல் இத்தகைய சொறி பாக்டீரியா கண்டறியப்பட்டது.

மருந்து அந்த மரபணுவை உண்டாக்குவதில்லை. ஆனால் ஒவ்வொரு தெளிப்பும் மரபணு இல்லாதவற்றைக் கொன்று, இருப்பவற்றுக்கு இலை முழுவதையும் விட்டுக்கொடுக்கிறது. அளவைக் கூட்டினால் அந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். தாமிரம் மண்ணில் சிதையாமல் சேர்ந்துகொண்டே போகும். அமில மண்ணில் வேரையும் கெடுக்கும்.

இருந்தாலும், என் அனுபவத்தில் இப்படி வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் தவறு தெளிக்கும் நாளில்தான் இருக்கிறது. தாமிரம் இலைக்குள் போவதில்லை, மேலே படலமாகத்தான் நிற்கும். இன்று தெளித்த துளிர் பத்து நாளில் பல மடங்கு விரிந்துவிடும். விரிந்த இடத்தில் மருந்து இல்லை. ஒரு துளிரைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் பாம்பு ஊர்ந்ததுபோல் கோடு இருந்தால், அது இலைத் துளைப்பான் என்ற புழு போட்ட வழி. அதன் ஓரத்திலேயே சொறி வரிசையாக எழும்பியிருக்கும், விரலால் தடவினால் சொரசொரக்கும். அந்தப் புழுவைக் கட்டுப்படுத்தாமல் தாமிரத்தைக் குறை சொல்ல முடியாது. ஏற்கெனவே வந்த சொறி எந்த மருந்துக்கும் மறையாது. புதுத் துளிரையும் இளங்காய்களையும் வைத்துத்தான் பலனைக் கணக்கிட வேண்டும்.

துளிர் விடும்போதும், காய் பிடித்த முதல் மூன்று மாதங்களும் தவறாமல் தெளித்து, காற்றுத்தடுப்பு மரங்களும் இருந்து, அப்படியும் புதுச் சொறி வந்தால் சோதித்துவிடலாம். புதிதாகச் சொறி வந்த இலைகளை ஈரமில்லாமல் காகித உறையில் வைத்து, தாவர நோயியல் ஆய்வகத்தில் கொடுங்கள். தாமிர சல்பேட் கலந்த ஊடகத்தில், அதாவது பாக்டீரியா வளர்க்கும் சத்துக் கலவையில், வளர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணப் பாக்டீரியா அதில் முளைக்காது. எதிர்ப்புள்ளது மஞ்சள் நிறத்தில் வளர்ந்து நிற்கும்.

அப்படி வளர்ந்தால் தாமிரத்தோடு மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து தெளிப்பதைப் பற்றிப் பேசலாம். தக்காளிப் புள்ளி நோயில் எதிர்ப்புள்ள பாக்டீரியாவைத் தனித் தாமிரத்தைவிட அந்தக் கலவை நன்றாக அடக்கியிருக்கிறது. எலுமிச்சைக்கு அனுமதி உண்டா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.