மொக்கைப் படம் அலுக்கிறது, அதைக் கலாய்ப்பது மட்டும் அலுக்காதது ஏன்?

கேள்வி: மட்டமான படம் என்று தெரிந்தும், அதற்குக் கமெண்ட் அடிக்கும் நிகழ்ச்சிகளை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். படம் மோசமாக இருந்தால் மட்டும் போதாது. அதில் ஒன்றுமே நடக்காத நேரம் நிறைய இருக்க வேண்டும். அந்த நேரத்தை நம்மோடு சேர்ந்து மாட்டிக்கொண்ட யாராவது பேசி நிரப்ப வேண்டும். நம்மூர் தியேட்டரிலும் பின்வரிசைக் கமெண்ட் சண்டைக் காட்சியில் வராது, இழுவையான சென்டிமென்ட் காட்சியில்தான் வரும்.

இதையே ஒரு தொலைக்காட்சித் தொடராக்கியவர் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜோயல் ஹாட்ஜ்சன். 1988 நவம்பரில் கேடிஎம்ஏ என்ற உள்ளூர் சேனலில் தொடங்கியது ‘மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000’. விண்வெளியில் சிக்கிய ஒருவனுக்கு (அது ஜோயலேதான்) கிறுக்கு விஞ்ஞானிகள் வரிசையாக மட்டமான படங்களைப் போட்டுக் காட்டுகிறார்கள். அவன் துணைக்கு ரோபோக்களைச் செய்துகொள்கிறான். திரையின் அடியில் நாற்காலி வரிசையும் மூன்று பேரின் நிழலும் தெரியும். படம் பாட்டுக்கு ஓடும், இவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்த நிழலில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நாமும் அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும்.

இவர்கள் கையில் சிக்கிய படங்களில் பேர்போனது ‘மானோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’ (1966). டெக்சஸ் மாநிலம் எல் பாசோவில் உரம் விற்றுக்கொண்டிருந்த ஹால் வாரன் என்பவர் எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்த பேய்ப்படம். சாவி முறுக்கி ஓட்டும் கேமரா, ஒரு மூச்சில் அரை நிமிடம் போலத்தான் ஓடும். படப்பிடிப்பில் ஒலிப்பதிவே கிடையாது. பிற்பாடு நாலைந்து பேர் சேர்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் டப்பிங் பேசிவிட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு குடும்பம் காரில் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் கிளாப் போர்டுகூட ஒரு கணம் எட்டிப் பார்க்கிறது. அப்புறம் டோர்கோ. முட்டி புடைத்த அந்த வேலைக்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி நடக்கும் காட்சிக்கு முடிவே கிடையாது. தனியாகப் பார்த்தால் ரிமோட்டைத் தேடுவோம். பக்கத்தில் மூன்று பேர் புலம்பும்போது அதே நடை சிரிக்கவைத்தே வயிற்றைப் பதம் பார்க்கிறது. 1993இல் இந்தப் படம் ஒளிபரப்பானபோது, போட்டுக் காட்டிய விஞ்ஞானிகளே ஜோயலிடம் மன்னிப்புக் கேட்டார்கள்!

வாரன் உண்மையாகவே பயமுறுத்தத்தான் பார்த்தார். அதனால்தான் சிரிப்பு வருகிறது. வேண்டுமென்றே மட்டமாக எடுக்கும் படங்கள் இப்போது நிறைய வருகின்றன. ஜோக்கை அவர்களே அடித்துவிடுவதால் பக்கத்தில் இருப்பவனுக்கு வேலை இல்லை. எனக்கு அவற்றில் ஒன்றுகூடப் பிடித்ததில்லை.

இப்படிக் கமெண்ட் அடிப்பது பார்க்கச் சுலபம் போலத் தெரியும். ஆரம்ப நாட்களில் ஜோயல் கோஷ்டி வாய்க்கு வந்ததைத்தான் பேசியது. தேசிய சேனலுக்குப் போன பிறகு ஒரு குழுவே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து எழுதியது. வசனம் முடிந்து அடுத்த வசனம் தொடங்குவதற்குள் கமெண்ட் விழுந்துவிட வேண்டும், அடுத்ததை அமுக்கிவிடவும் கூடாது. பின்னாளில் அதே நிகழ்ச்சியைச் சேர்ந்த மைக் நெல்சன் 2006இல் ரிஃப்ட்ராக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய படங்களின் உரிமை கிடைக்காது என்பதால் கமெண்ட் ஒலியை மட்டும் விற்றார்கள்; படத்தை நாமே போட்டு இரண்டையும் சேர்த்து ஓட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு நொடி பிசகினால் ஜோக் செத்துவிடும். அதில் நிழல் இல்லாதது எனக்குக் குறைதான்.

யூடியூபில் புதுப்படத்தைப் பத்து நிமிடம் திட்டித் தீர்ப்பதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அங்கே பேசுபவர் படத்தைப் பார்த்து முடித்துவிட்டு வந்திருக்கிறார். இங்கே, எழுதி வைத்துப் பேசினாலும், அவரும் நம்மோடு அடுத்த காட்சிக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் ‘மானோஸ்’ இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. முதல் கால் மணி நேரத்தைக் கமெண்ட் இல்லாமல் பார்த்துவிட்டு, அப்புறம் அதே கால் மணி நேரத்தை ஜோயல் கோஷ்டியோடு பாருங்கள். சரி, கமெண்ட் இல்லாத அந்த முதல் தடவையில் தூங்கிவிட்டால் நான் பொறுப்பில்லை.