மாமியார் ஒளிச்சு வச்ச டீத்தூள் டப்பா

கேள்வி: அக்கா, நான் ஒரு நாளைக்கு அஞ்சு டீ குடிப்பேன். எந்திரிச்சதும் ஒண்ணு, இட்லி கூட ஒண்ணு, மதியம் சாப்ட்டு கை கழுவுன கையோட ஒண்ணு, சாயங்காலம் ரெண்டு. இப்ப டெஸ்ட்ல ஹீமோகுளோபின் 9 தான் இருக்குன்னு டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை குடுத்திருக்காங்க. எல்லாம் அந்த டீயாலதான்னு மாமியார் டீத்தூள் டப்பாவையே ஒளிச்சு வச்சுட்டாங்க. நெஜமாவே விட்டுடணுமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: மொதல்ல டப்பாவ திருப்பி வாங்குங்க. ஆனா மாமியார் சொல்றது பாதி சரிதான், தப்பு டீ மேல இல்ல, நீங்க குடிக்கிற நேரத்து மேல. டீ துவர்க்குதுல்ல, அந்த துவர்ப்புக்கு காரணமான சமாச்சாரம் இருக்கே, அது வயித்துக்குள்ள போயி கீரை, பருப்பு, கேழ்வரகுல இருக்குற இரும்புச் சத்த புடிச்சு வச்சுக்கிட்டு உடம்புல சேர விடாது, நீங்க மாங்கு மாங்குன்னு முருங்கைக்கீரை ஆய்ஞ்சு சமைச்சது பாதி வீண். கறி, ஈரல் சாப்பிடுறவங்களுக்கு இந்த தொல்லை கொஞ்சம் கம்மி.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல போட்ட உணவு வழிகாட்டிலயும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் டீ, காபி வேணாம்னுதான் இருக்கு. அதனால இட்லி டீ, சாப்பாட்டு டீ ரெண்டையும் தூக்கிட்டு பதினோரு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணுன்னு நகத்திக்கோங்க. மாத்திரைய மட்டும் டீ ஊத்தி முழுங்கிடாதீங்க (நெறைய பேரு இதைத்தான் பண்றாங்க), எலுமிச்சை ஜூஸோட போட்டா நல்லா சேரும். ரத்தம் கொறையுறதுக்கு மாதவிடாய்ல அதிகமா போறது, குடல் புழுன்னு வேற காரணமும் இருக்கலாம், அதையும் டாக்டர்கிட்ட கேட்டுருங்க.

சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு மட்டும் நைஸா எழுதாம விட்டுட்டீங்க பாத்தீங்களா! ரெண்டுன்னு வச்சாலும் அஞ்சு டீக்கு பத்து ஸ்பூன், கிட்டத்தட்ட 40, 50 கிராம். நாள் முழுக்க 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இதுல தொட்டுக்க பிஸ்கட் வேற. நானும் ரெண்டரை ஸ்பூன் ஆளுதான், அரை அரை ஸ்பூனா கொறைச்சேன், ஒரு மாசம் கழிச்சு ஒரு விசேஷ வீட்ல குடுத்த டீ எனக்கு பாயாசம் மாதிரி இருந்துச்சு.

கேள்வி: கிரீன் டீ குடிச்சா எடை கொறையுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: அதை நம்பி வாக்கிங்க விட்டுடாதீங்க. கிரீன் டீயும் நம்ம டீயும் ஒரே செடிதாங்க, இலைய உடனே சூடு காட்டி நிறுத்துனா பச்சை, நசுக்கி காத்துபட விட்டா கருப்பு. புடிச்சா குடிங்க, மூக்க புடிச்சுக்கிட்டு ரெண்டு ஸ்பூன் தேன் ஊத்தி குடிக்கணும்னா எதுக்கு?

கேள்வி: என் வீட்டுக்காரர் பால், தூள், சர்க்கரை எல்லாத்தையும் ஒண்ணா போட்டு கால் மணி நேரம் கொதிக்க விடுறார், மிச்சம் இருந்தா சாயங்காலம் அதையே திரும்ப சூடு பண்றார். இது சரியா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ஐயய்யோ, அது டீ இல்ல, கஷாயம். கடையில வர்ற டஸ்ட் பொடிப்பொடியா இருக்கும், சீக்கிரம் சாறு எறங்கிரும். தண்ணி தளதளன்னு கொதிச்சதும் தூளப் போட்டு அடுப்ப அணைச்சு மூணு நிமிஷம் மூடி வச்சு வடிகட்டுங்க, காய்ச்சின பால தனியா ஊத்துங்க. இஞ்சி போடணும்னா தண்ணியோட கொதிக்கட்டும். நீலகிரி தூள்னா வாசனை தூக்கும், அதை போட்டு கொதிக்க விட்டா அந்த வாசனையே போயிரும், காசும் போச்சு. சாயங்காலத்துக்கு புதுசா போடுங்க. தூள்ல சாயம் கலந்திருக்கோன்னு சந்தேகம் வந்தா ஒரு வெள்ளை வடிகட்டி பேப்பர்ல கொஞ்சம் தூவி மேல பச்சத்தண்ணி தெளிச்சுப் பாருங்க, பேப்பர்ல டக்குன்னு கலர் பரவுனா அந்தக் கடை பக்கமே போகாதீங்க.

அப்புறம் அவர் எறக்குன உடனே கொதிக்க கொதிக்க குடிக்கிற ஆளான்னு பாருங்க. 65 டிகிரிக்கு மேல சூடா குடிக்கிறது உணவுக்குழாய் புற்றுநோய்க்கு காரணமா இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016லயே சொல்லிருக்கு. உங்க ஊர்ல டபராவுக்கா பஞ்சம், ரெண்டு ஆத்து ஆத்தி குடுங்க.