கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவரைக் கடவுள் ஊழியத்துக்குப் பயன்படுத்துவாரா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கிறேன், எட்டாம் வகுப்புதான், எனக்கெல்லாம் ஊழியமா என்று கேட்டிருக்கிறீர்கள். பைபிளில் யாத்திராகமம் 31-ஐத் திறந்து பாருங்கள். பெசலெயேல் போதகர் அல்ல. பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்தவர். அவரைத்தான் தம் ஆவியால் நிரப்பினதாகக் கடவுள் மோசேயிடம் சொல்கிறார். தொற்காள் யோப்பாவில் விதவைகளுக்கு அங்கி தைத்தவள். இயேசுவின் சீஷர்களான பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள் என்று அப்போஸ்தலர் 4:13 சொல்கிறது.

காலையில் வெள்ளியை எடை போட்டு வாங்கி, மாலையில் பொடி சிந்தாமல் எடை போட்டுத் திருப்பித் தருகிறீர்களே, அந்த நாணயம்தான் முதல் தகுதி.

தொடக்கமாக, சபைப் போதகரிடம் சொல்லிவிட்டு வாரம் ஒரு மாலை இரண்டு நோயாளிகளை ஆஸ்பத்திரியிலோ வீட்டிலோ போய்ப் பாருங்கள். இயேசு சீஷர்களை இருவர் இருவராக அனுப்பினார். நீங்களும் துணையோடு போங்கள். பெண்கள் வார்டு என்றால் வீட்டம்மாவையும் கூட்டிப்போங்கள். பத்து நிமிடம் போதும். முதலில் அவர்கள் பேசட்டும். "ஜெபிக்கலாமா?" என்று கேட்டு, சரி என்றால் ஒரு சிறு சங்கீதம் வாசித்து, மெதுவான குரலில் ஜெபியுங்கள், பக்கத்துக் கட்டிலிலும் வலியோடு ஒருவர் படுத்திருப்பார். குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்லவே கூடாது. கேட்ட குடும்ப விஷயம் ஜெபக் குறிப்பாகக்கூட வெளியே போகக் கூடாது. பலருடைய ஊழியம் இங்கேதான் உடைகிறது.

இன்னொன்று, ஆர்வத்தில் தினமும் கிளம்பிவிடாதீர்கள். தனியாகச் சுமந்தால் தொய்ந்துபோவாய் என்று மோசேக்கே மாமனார் எத்திரோ சொல்ல வேண்டியிருந்தது. பண்டிகை ஆர்டர் நேரத்தில் ஒரே நோயாளி போதும்.