ஒரே தொட்டியில் பல வகைக் கோமாளி மீன்கள்: கேள்வி பதில்

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில், வெவ்வேறு வகைக் கோமாளி மீன்களைச் சேர்த்து வளர்ப்பது பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். கீழே வரும் ஒசெல்லாரிஸ், மரூன், டொமேட்டோ, கிளார்க்கி, ஸ்கங்க், பெர்குலா எல்லாம் கோமாளி மீன் வகைகளின் பெயர்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் நான்கு அடித் தொட்டி சுமார் 300 லிட்டர் கொள்ளும். ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் எட்டு மாதமாக நன்றாக இருக்கிறது. அவற்றுடன் ஒரு மரூனையும் ஒரு டொமேட்டோவையும் விடலாமா?

பதில்: விட வேண்டாம். கடலில் கோமாளி மீன் ஒரு கடற்சாமந்தியை (பூப்போலத் தோன்றும், கொட்டும் கடலுயிரி) தன் வீடாக்கிக்கொண்டு, அதை விட்டுச் சில மீட்டர்களுக்கு மேல் விலகாமல் வாழ்கிறது. அந்த வீட்டுக்குள் ஒரு வரிசை உண்டு: எல்லாவற்றிலும் பெரியது பெண், அடுத்தது அதன் இணையான ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சிறியவை. பெண் இறந்தால் இணையான ஆணே பெண்ணாக மாறும்; வரிசையில் அடுத்திருந்த மீன் ஆணின் இடத்துக்கு ஏறும். ஆகவே இடத்தைக் காப்பதை வெறும் முரட்டுக் குணம் என்று நினைக்கக் கூடாது. இடம் பறிபோனால் அந்த மீனுக்குச் சந்ததியே இல்லை. மரூன் பெண் 15 செ.மீ. வரை வளரும், அதன் கன்னத்தில் முள் வேறு இருக்கிறது. ஒசெல்லாரிஸ் பெரும்பாலும் அதில் பாதியளவுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே தவறைச் செய்தேன். விரல் நீளம்கூட இல்லாத மரூனை விட்டதால் மூன்று மாதம் எந்தச் சண்டையும் இல்லை. ஒரு நாள் காலை விளக்கைப் போட்டபோது, ஒசெல்லாரிஸ் ஓவர்ஃப்ளோவின் (தொட்டி நீர் வழிந்து வெளியேறும் தடுப்பு) பல்லிடுக்கை ஒட்டி, நீர்ப்பரப்புக்கு அடியில் சாய்ந்து நின்றது. வால் துடுப்பு அடிவரை கிழிந்து வெள்ளை நூல்களாகத் தொங்கியது. ஒரு பக்கச் செதில்கள் உதிர்ந்திருந்தன. மரூன் இரண்டடி தள்ளி அமைதியாகத்தான் நின்றது, ஆனால் அந்தச் சிறிய மீன் அசையும்போதெல்லாம் அதன் பக்கம் திரும்பியது. உடனே வேறு தொட்டிக்கு மாற்றியும் மூன்றாம் நாள் அது இறந்துவிட்டது. இன்றும் எனக்கு அது மனத்தை உறுத்துகிறது.

கேள்வி: கடைத் தொட்டியில் நான்கைந்து வகைகள் ஒன்றாகத்தானே நீந்துகின்றன?

பதில்: அங்கே எந்த மீனுக்கும் சொந்த இடம் என்று ஒன்று அமைவதில்லை. மீன்கள் பெரும்பாலும் இளசுகள், நெருக்கம் அதிகம், வாரத்துக்கு வாரம் பழையவை போய்ப் புதியவை வருகின்றன. அதே மீன்கள் உங்கள் வீட்டில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவற்றின் இயல்பு தெரியும்.

கேள்வி: குஞ்சுகளாக இருக்கும்போதே சேர்த்து வளர்த்தால் பழகிவிடாதா?

பதில்: பழகியதுபோல் தோன்றும். அவற்றில் இரண்டு ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றை விரட்டத் தொடங்கிவிடும். எனக்குத் தெரிந்தவரை அந்த அமைதி ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பது அரிது.

கேள்வி: கோமாளி மீன்கள் கோடுகளை எண்ணித் தம் இனத்தையே அதிகம் தாக்குகின்றன என்று 2024இல் ஓர் ஆய்வு வந்ததே? அப்படியானால் வேறு வகையைச் சேர்ப்பதுதானே பாதுகாப்பு?

பதில்: நல்ல கேள்வி. ஒகினாவாவில் செய்யப்பட்ட அந்த ஆய்வில், மூன்று வெள்ளைக் கோடுகள் கொண்ட ஒசெல்லாரிஸ் இளமீன்கள், தம்மைப்போலவே மூன்று கோடுள்ள மீனைத்தான் அதிகம் தாக்கின. பக்கக் கோடே இல்லாத வகையை ஓரளவு விட்டுவிட்டன. தன் இனத்து மீன்தான் தன் சாமந்தியையும் இணையையும் பறிக்க வருவது என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அது ஒசெல்லாரிஸ் பிறரை எப்படி நடத்துகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, மரூனோ டொமேட்டோவோ ஒசெல்லாரிஸை எப்படி நடத்தும் என்பதைச் சொல்லவில்லை. கலப்புத் தொட்டிகளில் அடிக்கிற மீன் பெரும்பாலும் ஒசெல்லாரிஸ் அன்று. அது அடிவாங்குகிற மீன்.

கேள்வி: கடலில் இரண்டு வகைகள் ஒரே சாமந்தியில் இருக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: உண்மைதான். ஒகினாவாவில் கிளார்க்கியும் இளஞ்சிவப்பு ஸ்கங்க்கும் ஒரே சாமந்தியைப் பகிர்ந்துகொள்வதுண்டு. பப்புவா நியூ கினியின் மடாங் பகுதியில் ஒன்பது வகைக் கோமாளி மீன்கள் ஒரே கடற்பரப்பில் வாழ்கின்றன; ஆனால் வகைக்கு வகை விரும்பும் சாமந்தியும், கரையிலிருந்து இருக்கும் தூரமும் வேறுபடுகின்றன. நான்கு அடிக் கண்ணாடிக்குள் அந்தத் தூரத்தை உங்களால் தர முடியாது. ஆறடித் தொட்டியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஜோடி வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அவர்களும் பிரித்துவைக்க இன்னொரு தொட்டியைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒசெல்லாரிஸும் பெர்குலாவும்?

பதில்: இவை மிக நெருங்கிய உறவு இனங்கள், அளவும் குணமும் ஏறக்குறைய ஒன்றே. எனவே வகைக்கு ஒன்றாக விட்டால் ஜோடி சேரவும் கூடும். முட்டையிட்டால் பிறப்பவை கலப்பினம் என்பதால் அந்தக் குஞ்சுகளைப் பெர்குலா என்று சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய சிறிய ஒசெல்லாரிஸ், பெரிய ஒசெல்லாரிஸின் முன்னால் சாய்ந்து உடம்பெல்லாம் நடுங்குகிறது. நோயா?

பதில்: பெரியது அருகில் வரும்போது மட்டும் நடுங்கி, மற்ற நேரத்தில் நன்றாக நீந்தி, இரையும் எடுத்தால் கவலை வேண்டாம். "நீ பெரியவள், நான் அடங்கியிருக்கிறேன்" என்பதற்கு அவற்றின் மொழி அதுதான். ஜோடி அமைவதற்கு நல்ல அறிகுறியும்கூட. நடுக்கத்துக்குப் பிறகும் பெரியது கடித்தால், அல்லது சிறியது மேல்மூலையில் ஒதுங்கி இரையை மறுத்தால், அன்றே பிரித்துவிடுங்கள். உடம்பில் வெள்ளைச் சளி படர்ந்து மூச்சு வேகமானால் அது புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். இந்த மீன்களை ஓரிரு நாளில் கொன்றுவிடும் நோய் என்பதால் தனித் தொட்டியில் வைத்து உடனே மருத்துவம் பார்க்க வேண்டும்.

கேள்வி: மண்டபம் பக்கம் இருக்கிறோம். கடலிலிருந்தே மீனும் உயிர்ப்பாறையும் (சிற்றுயிர்கள் குடியேறிய பவளப்பாறைத் துண்டு) எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறைகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளதால் இறந்த பவளத் துண்டை எடுப்பதும் குற்றம். உங்கள் ஊரிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்த்திருக்கிறது. பண்ணையில் பிறந்த ஒரே வகை மீன் இரண்டை, ஒன்று சற்றுப் பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் பார்த்து வாங்குங்கள். சாமந்தி இல்லாமலே அவை நன்றாக வாழும்.